சான்றிதழ் இல்லை, திருமணம் உண்டு
வாசகர் கேள்வி – சட்ட பதில்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராகப் பணியாற்றி 1993-இல் ஓய்வு பெற்றார். அவருடைய முதல் மனைவி 1995-இல் காலமானார். அவருக்கு ஒரு மகன். 1996-ஆம் ஆண்டு ஆவணியில், இரு வீட்டாரும் ஐம்பது அறுபது உறவினரும் கூடியிருக்க, ஊர்க் கோயிலில் என் கழுத்தில் தாலி கட்டினார். அப்போது யாரும் பதிவு அலுவலகம் போகவில்லை. 1998-இல் மகள் பிறந்தாள். ஓய்வூதிய ஆணையில் என் பெயரைச் சேர்க்கும்படி நான் கேட்கும்போதெல்லாம் “பார்த்துக்கொள்ளலாம்” என்பார். அப்படியே காலம் ஓடிவிட்டது. எட்டு மாதங்களுக்கு முன் அவர் மறைந்தார். ராணுவத்தில் அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் திருமணச் சான்றிதழ் கேட்கிறார்கள். கணவர் இல்லாமல் பதிய முடியாது என்கிறார் சார்பதிவாளர். முதல் தாரத்து மகனோ, அவருடைய கல்யாணப் பத்திரிகையில் தாயார் இடத்தில் என் பெயரை அச்சிட்டவர், இப்போது வாரிசுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மறுக்கிறார். பழைய தேதியிட்டுச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? ஓய்வூதியம் கிடைக்க வேறு வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முதலில், அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், சகோதரி. பழைய தேதியிட்ட சான்றிதழ் போலி ஆவணம். அதைத் தயாரிப்பது மட்டுமல்ல, போலி என்று தெரிந்தே ஓர் அலுவலகத்தில் கொடுப்பதும் குற்றம். அதைவிட எனக்குக் கவலையளிப்பது வேறொன்று. உங்களிடம் உண்மையான ஆவணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் ஒரு பொய்த் தாள் நுழைந்துவிட்டால், படிக்கும் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் மற்றவற்றின் மேலும் ஐயம் விழும்.

ஓய்வுக்குப் பின் நடந்த திருமணம் என்பதால் உங்களுக்கு உரிமை இல்லாமல் போகாது. அப்படி ஒரு விதி இருந்த காலம் உண்டு. பணியில் இருந்தபோது மணந்த மனைவிக்கு ஒரு நீதி, ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கு ஒரு நீதி என்று பிரிப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரணானது என்று 1989-இல் பகவந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததோடு அந்தக் கதை முடிந்தது.

திருமணச் சான்றிதழ் இல்லாததாலும் திருமணம் இல்லை என்றாகிவிடாது. தமிழ்நாட்டில் எல்லா மதத்தினருக்கும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-ஆம் ஆண்டுடையது. அது நடைமுறைக்கு வந்தது 24.11.2009 அன்று. நீங்கள் மணந்துகொண்ட 1996-இல் அந்தக் கட்டாயம் கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு பதிவைப் பற்றிப் பேசிவிட்டு, பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் திருமணத்தின் செல்லுபடி பாதிக்கப்படாது என்று தெளிவாகவே சொல்லி முடிக்கிறது. சடங்கு பற்றிய கவலையும் வேண்டாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நம் மாநிலத்துக்கென்று சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி, உறவினரோ நண்பர்களோ பிறரோ முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அக்கினி வலமும் ஏழடியும் இல்லையே என்று எவரும் கேட்க முடியாது. சார்பதிவாளர் சொன்னதும் சரிதான்: பதிவு விண்ணப்பத்தில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால், ஒருவர் மறைந்தபின் அந்த வாசல் மூடிவிடுகிறது. ஆகவே கிடைக்காத சான்றிதழின் பின்னால் இனி அலைய வேண்டாம். நீங்கள் காட்ட வேண்டியது திருமணத்தை.

அதற்கான முதல் தாள், உங்கள் பெயரே இல்லாத ஒரு தாள். கணவருடைய முதல் மனைவியின் இறப்புச் சான்றிதழைத்தான் சொல்கிறேன். ரெக்கார்டு ஆபீசில் உள்ள கோப்பை ஒரு நிமிடம் அந்த எழுத்தரின் மேசையிலிருந்து பாருங்கள். வீரருடைய திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும் ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆணையில் ஏறியிருக்கும். அதன்படி அவருக்கு ஒரு மனைவி உண்டு. 1995-இல் அந்த அம்மையார் இறந்ததை உங்கள் கணவர் தெரிவித்திருக்காவிட்டால், அந்தக் கோப்பில் அவர் இன்னமும் உயிரோடு இருக்கிறார். அப்படியிருக்க, வேறொரு பெயருடன் இன்னொரு பெண்மணி மனு அனுப்பினால், அவர் முதல் மனைவி இருக்கும்போதே வந்தவரோ என்றுதான் அந்த எழுத்தருக்குத் தோன்றும். 1995 இறப்புக்கும் 1996 திருமணத்துக்கும் இடையிலுள்ள அந்த ஓராண்டு இடைவெளிதான் உங்கள் வழக்கின் உயிர். இறப்பு அப்போது பதிவாகவில்லை என்றால், காலம் கடந்த பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்து உத்தரவு பெற்று, சான்றிதழை முதலில் கையில் வாங்கிவிடுங்கள்.

அடுத்து, உங்களிடம் உள்ளவற்றின் எடையைப் பார்ப்போம். இத்தகைய வழக்குகளில் நான் கண்டவரை, கணவர் இறந்த பிறகு எழுதி வாங்கும் பத்து உறுதிமொழிப் பத்திரங்களைவிட, பிணக்கு என்ற ஒன்று எவர் மனதிலும் இல்லாத காலத்தில் வேறு ஏதோ காரணத்துக்காக எழுதப்பட்ட ஒரு பழைய தாள் கனமானது. மகளின் 1998-ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழில் தந்தை இடத்தில் அவர் பெயரும் தாய் இடத்தில் உங்கள் பெயரும் இருக்குமானால், அதுதான் முதன்மையானது. மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், உங்கள் பெயருக்கு நேரே கணவர் பெயர் அச்சான பழைய வாக்காளர் பட்டியல், பழைய குடும்ப அட்டை, அவர் உங்களை மனைவியென்று குறித்த காப்பீட்டுப் பத்திரம், கூட்டு வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் அவரைச் சேர்த்தபோது ‘மனைவி’ என்று நீங்கள் கையெழுத்திட்ட தாள் ஆகியவற்றையும் தேடி எடுங்கள். அவர் இ.சி.எச்.எஸ். மருத்துவ அட்டையோ கேன்டீன் கார்டோ உங்கள் பெயரில் வாங்கியிருந்தால் அது பொக்கிஷம். படைத்துறையே உங்களை மனைவியாக ஏற்றதற்கு அது சான்று.

மொய் நோட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீட்டில் பரணைத் தேடிப் பாருங்கள். மஞ்சள் தடவிய அட்டை, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் மணமக்கள் பெயரும் தேதியும், பிறகு ஊர் வாரியாக ஆளும் தொகையும் என்று எழுதிய அந்த நாற்பது பக்க நோட்டைப்போல் ஒரு சாட்சி எளிதில் அமையாது. அதில் எழுதியவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் யார் யார் என்று பார்த்து, தாலி கட்டும்போது அருகில் நின்ற இரண்டு மூன்று பெரியவர்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். கோயில் அலுவலகத்தில் 1996-இல் திருமணக் கட்டணம் செலுத்தியதற்கான பதிவு இருக்கிறதா என்றும் எழுத்து மூலம் கேளுங்கள். புகைப்படம் இருந்தால் அதன் பின்பக்கத்து ஸ்டுடியோ முத்திரை அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றோடும் சட்டமே உங்களுக்கு ஒரு கை கொடுக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊரும் உறவும் அவ்வாறே ஏற்றிருந்தால், அவர்கள் சட்டப்படி மணந்தவர்களே என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஐம்பதாண்டுக் காலம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதியரின் திருமணத்துக்குப் புரோகிதரையும் சாட்சிகளையும் இப்போது கூப்பிட்டு நிறுத்து என்பது முறையாகுமா என்ற கோணத்தில், பத்ரி பிரசாத் வழக்கில் 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பை உங்கள் வழக்கறிஞர் நிச்சயம் எடுத்துவைப்பார்.

மகனுடைய கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறேன். அதைப் பத்திரமாக வையுங்கள்; குடும்பத்துக்குள்ளிருந்தே ஒருவர் உங்களைத் தம் தந்தையின் மனைவியாக நடத்தியதற்கு அது அச்சிட்ட ஒப்புதல். ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவதற்கு முன், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டையும் நிலத்தையும் நினைத்துத்தான் இந்தத் தயக்கம் வரும். குடும்ப ஓய்வூதியம் இறந்தவருடைய சொத்து அல்ல, அதை உயில் எழுதிக்கூட வேறொருவருக்குக் கொடுக்க முடியாது என்று வயலட் ஐசக் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அது விதிப்படி தகுதியுள்ளவருக்கு அரசு தருவது. இருபத்தைந்து வயதைக் கடந்து குடும்பமும் நடத்தும் மகனுக்கு அதில் பங்கு வராது. ஆகவே கையெழுத்திடுவதால் அவர் இழக்கப்போவது ஒரு ரூபாயும் இல்லை. சொத்துப் பங்கு தனிக் கணக்கு, அது இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நடக்கும், அவர் இன்று மறுப்பதால் அது மாறிவிடாது. உறவில் மூத்தவர் ஒருவரை வைத்து இதை நிதானமாகச் சொன்னால் பாதிப் பிணக்கு தீரும் என்பது என் அனுபவம்.

மனுவை எங்கே கொடுப்பது? உங்கள் கணவர் எந்தப் படைப்பிரிவு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் என்றால் பெங்களூரு. பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். டிஸ்சார்ஜ் புக்கில் படை எண்ணும் பிரிவும் இருக்கும். நேரடியாகத் தபாலில் அனுப்புவதைவிட, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக, உதவி இயக்குநரின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புங்கள். மனுவில் இரண்டு கோரிக்கைகளைத் தனித்தனியே எழுத வேண்டும். முதல் மனைவியின் இறப்பையும், உங்கள் திருமணத்தையும், மகளின் பிறப்பையும் பார்ட் டூ ஆர்டரில் வெளியிட வேண்டும் என்பது ஒன்று. அதன் அடிப்படையில் குடும்ப ஓய்வூதியத்துக்கான திருத்த ஆணையை வழங்கும்படி பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் முதன்மைக் கட்டுப்பாட்டாளருக்கு உரிமைக் கோரிக்கையை அனுப்ப வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கோரிக்கையை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதுவதால்தான் பல மனுக்கள் திரும்பிவருகின்றன. ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறையின்கீழ் வந்துவிட்டபடியால், கோப்பிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும்.

மகன் இணங்கினால், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் பெற்று இணைத்துவிடலாம். அலுவலக அளவிலேயே காரியம் முடிய நல்ல வாய்ப்பு உண்டு. இணங்காவிட்டால், நீங்களே சட்டப்படியான மனைவி என்று அறிவிக்கக் கோரி வழக்குத் தொடர வேண்டும். திருமண நிலையைப் பற்றிய விளம்புகை வழக்கு என்பதால் அது குடும்ப நல நீதிமன்றத்துக்கு உரியது. மகனை மட்டும் எதிர்வாதியாக்கி அவர் வராமல் போனதால் கிடைக்கும் ஒருதலைத் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போனால், “நாங்கள் வழக்கில் இல்லையே” என்று படைத்துறை சொல்லலாம். எனவே மத்திய அரசையும் ரெக்கார்டு ஆபீசையும் சேர்க்கச் சொல்லுங்கள். அரசைச் சேர்ப்பதால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கைத் தொடர வேண்டும். மறுப்பு எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். அந்த மறுப்புக் கடிதத்தை வைத்துச் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தையும் அணுகலாம். ஆனால் திருமணம் நடந்ததா என்பதே பிணக்காக இருக்கும்போது, சாட்சிகளை விசாரிக்கக்கூடிய நீதிமன்றத்துக்கு முதலில் போவதையே நான் விரும்புவேன். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண் என்ற ஒரு தகுதியே இலவச வழக்கறிஞர் பெறப் போதுமானது. வருமானச் சான்று கேட்கமாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும்.

சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற கணக்கில் வரும், 1.1.2016 முதல் அது மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. கணவர் இறந்த மறுநாளிலிருந்து நிலுவையாகக் கணக்கிடப்படும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு வருபவருக்கு, மனுச் செய்ததற்கு முந்தைய மூன்றாண்டு நிலுவைதான் என்று தர்சேம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு வகுத்துவிட்டது. நீங்கள் எட்டாவது மாதத்திலேயே எழுதியிருப்பது நல்லது. இன்னொன்று: அவர் இறந்த பிறகும் அவருடைய ஓய்வூதியம் ஓரிரு மாதம் கணக்கில் விழுந்திருந்தால், அதை ஏ.டி.எம். அட்டையில் எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்திருந்தால் மறைக்காமல் வங்கிக்கு எழுதிவிடுங்கள். உங்களுக்கு வரவேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்வார்கள். மறைத்தால் அதுவே நாளை உங்கள் நேர்மைக்கு எதிரான கேள்வியாகும்.

கேள்வி: ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவரோடு முப்பதாண்டு வாழ்ந்தேன். முதல் மனைவி வேறு ஊரில் இருக்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி இருவரும் பிரிந்த பிறகே என்னை மணந்தார். எனக்குக் கல்லூரியில் படிக்கும் மகன் இருக்கிறான். எனக்கு ஓய்வூதியம் உண்டா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: மனதுக்கு இதமான பதிலைத் தர முடியவில்லை. மேலே சொன்ன நெடுங்கால வாழ்வு என்ற அனுமானம், சட்டப்படியான மனைவி உயிரோடு இருக்கும் இடத்தில் உதவாது. முதல் திருமணம் நிற்கும்போது நடந்த இரண்டாம் திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது என்பதால் ஓய்வூதியம் முதல் மனைவிக்கே போகும். உங்களுக்குள்ள ஒரே சிறு வாசல், அந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு காப்பாற்றிவைத்துள்ள வழக்காற்று மணவிலக்கு. உங்கள் சமூகத்தில் பஞ்சாயத்து முன்னிலையில் அறுத்துக்கட்டும் வழக்கம் தொன்றுதொட்டு இடையறாமல் இருந்துவருகிறது என்று சாட்சிகளோடு நிரூபித்தால், அந்த விடுதலைப் பத்திரத்துக்கு உயிர் உண்டு. நிரூபிக்காவிட்டால் அது முத்திரைத்தாளில் எழுதிய ஒரு கடிதம்தான். அந்தப் பத்திரத்தில் முதல் மனைவியின் கையெழுத்தும், அவருக்குக் கொடுத்த தொகையும், அவர் பிறகு மறுமணம் செய்தாரா என்பதும் முக்கியம். அவற்றோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

மகனுடைய நிலை வேறு. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையும் சட்டப்படியான பிள்ளையே. ராமேஸ்வரி தேவி வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இரண்டாம் மனைவிக்கு இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பில், அவருடைய பிள்ளைகளுக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் பங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறது. மகனுக்கு இருபத்தைந்து வயது நிறையும்வரை அல்லது அவர் சம்பாதிக்கத் தொடங்கும்வரைதான் அந்தப் பங்கு. ஆகவே உங்கள் வழக்கு முடியட்டும் என்று காத்திராமல் அவர் பெயரில் தனி மனுவை இந்த மாதமே அனுப்புங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற சுபேதார் நான். என் மனைவியின் பெயர் ராணுவப் பதிவில் ‘ராணி’, ஆதாரில் ‘ராஜேஸ்வரி’. பிற்காலத்தில் சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், தேனி மாவட்டம்

பதில்: வரும். ஆனால் நீங்கள் இருக்கும்போது இது உங்கள் கையெழுத்தில் முடியும் வேலை. நீங்கள் இல்லாதபோது அந்த அம்மாள் தாம்தான் ராணி என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று நீங்களும் மனைவியும் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அவருடைய பள்ளிச் சான்றிதழ், ஆதார், உங்கள் கூட்டுப் புகைப்படம் ஆகியவற்றை இணைத்து, பெயரைத் திருத்திப் பார்ட் டூ ஆர்டர் வெளியிடும்படி உங்கள் ரெக்கார்டு ஆபீசுக்கு மனுச் செய்யுங்கள். பிறந்த தேதியும் ஒத்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். திருத்த ஆணை வந்ததும் ஸ்பர்ஷ் கணக்கில் மனைவியின் பெயர் மாறியிருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்து, அதன் ஒரு படியை எடுத்து, அதை எந்த அலமாரியில் வைக்கிறீர்கள் என்று அவரிடமும் சொல்லிவையுங்கள்.